மூலத்தரை ஷட்டர்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது, விடியற்காலையில் வெந்நீர்ச் சொம்புக்குள் விரல்களை விட்டபடி நீ அடுப்படியில் நின்றதைப் பார்த்தேன். வடுமாங்காய் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் அம்மாவிடம் நீட்டினாய். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் போனில், "என் உடம்பே என்னைப் பகைத்துவிட்டதா அப்பா?" என்றாய். அன்று முதல் உன் முடக்குவாதத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பகை இல்லை, கண்ணு. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகைதான் டி செல்கள். அவற்றில் சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை எனக்கும் உண்டு, அம்மாவுக்கும் உண்டு. அவற்றை அடக்கி வைக்கவே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கிறார்கள். பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டியின் நெஞ்சிலிருந்து, டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், அதன் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்குகிறது. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தினால் அந்தக் குட்டி நோயிலிருந்து தப்புகிறது. இந்த வழியில் தேடிப்போன ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அந்தச் செல்களை அடையாளம் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செல்கள் உருவாக அதுதான் ஆதாரம் என்பது பிறகு தெளிவானது. மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

என்னை உலுக்கியது வேறொன்று. முடக்குவாதம் வந்த மூட்டின் நீரில் இந்தச் செல்கள் ஏராளமாகவே இருக்கின்றனவாம். அழற்சியின் வேகத்தில் அவற்றால் தம் வேலையைச் செய்ய முடிவதில்லை. ஆற்றுத் தண்ணீரை ஷட்டர் வைத்து அளந்து விடும் நம் மூலத்தரை ரெகுலேட்டரை நினைத்துக்கொண்டேன். ஆழியாற்றுத் தண்ணீர் அளவோடு வரும்போது ஷட்டர் சொன்னபடி கேட்கும். பெருவெள்ளத்தில் ஷட்டர் இருந்தும் என்ன செய்யும்? முதலில் வெள்ளம் வடிய வேண்டும். உன் மருந்து செய்வது அதைத்தான்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டக் கஷாயம் குடிக்கச் சொன்ன உன் பெரியம்மாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உனக்குக் குறைந்திருப்பது சக்தி அல்ல, அதை அடக்கும் பிடிமானம். உன் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டை நீயாக நிறுத்தாதே. அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, தினமும் அல்ல. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டமிட்டு வை.

அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி? சொன்னால் பாலக்காட்டில் ரயில் ஏறிவிடுகிறேன். வடுமாங்காயைத் திருகுமூடி இல்லாத டப்பாவில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா