சூரிய மின்கலத்தின் கருமை எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சூரிய மின்தகடுகளைப் பற்றி வெளியான கட்டுரை எளிய நடையில் பல செய்திகளைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆயினும், மின்கலங்களின் மீது கருஞ்சாயம் பூசப்படுவதால்தான் அவை ஒளியை உறிஞ்சுகின்றன என்றும், கலம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் கூடும் என்றும் அதில் கூறப்பட்டிருந்த இரண்டு கருத்துகளும் திருத்தப்பட வேண்டியவை என்பதால் இதை எழுதுகிறேன்.

சாயம் பூசினால் அந்தச் சாயமே ஒளியை விழுங்கிச் சூடாகும். மின்கலத்தின் மூலப்பொருளான சிலிக்கானுக்கு ஒன்றும் போய்ச் சேராது. மெருகேற்றிய சிலிக்கான் உண்மையில் கறுப்பாக இருப்பதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4 என்பதால், காற்றிலிருந்து அதன் மீது நேராக விழும் ஒளியில் சுமார் 35 விழுக்காடு உள்ளே நுழையாமலேயே திரும்பிவிடுகிறது. இந்த இழப்பைக் குறைப்பதற்காகவே மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். தொழிற்சாலைகளில் இதற்கு டெக்ஸ்சரிங் என்று பெயர்.

அதன் செயல்முறை அழகானது. சிலிக்கான் படிகத்தின் எல்லாத் தளங்களையும் காரக் கரைசல் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. 100 என்று குறிக்கப்படும் தளம் விரைவாகவும், 111 என்று குறிக்கப்படும் தளம் மிக மெதுவாகவும் கரைகின்றன. எனவே 100 தளம் மேலே அமையும்படி அறுக்கப்பட்ட ஒற்றைப் படிக வேஃபரை, அதாவது மெல்லிய சிலிக்கான் வில்லையை, சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அமிழ்த்தி வைத்தால், அச்சும் உளியும் இல்லாமலேயே, 54.7 பாகைச் சரிவும் சில மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட பிரமிடுகள் அதன் முகம் முழுவதும் நெருக்கமாக எழுகின்றன. ஒரு சரிவில் பட்டுத் தெறிக்கும் ஒளி வானத்துக்குத் திரும்புவதற்கு முன் பக்கத்துப் பிரமிடின் சரிவில் மோதியாக வேண்டும். 35 விழுக்காட்டில் 35 விழுக்காடு என்று தோராயமாகக் கணக்கிட்டால், இழப்பு சுமார் 12 விழுக்காடாகக் குறைவது விளங்கும். அதன் மேல் 75 நானோமீட்டர் அளவில் சிலிக்கான் நைட்ரைடு படலத்தைப் படிய வைத்தால் இழப்பு இன்னும் சில விழுக்காடாகச் சுருங்குகிறது. கட்டுரையாளர் சாயம் என்று கருதியது இந்தப் படலத்தைத்தான் போலும். அது ஏறக்குறைய நிறமற்றது.

கட்டுரை தொடாமலே விட்ட பயன் ஒன்றும் உண்டு. சரிவான முகத்தின் வழியே நுழையும் ஒளி சாய்ந்து செல்வதால், வேஃபருக்குள் அது கடக்கும் தொலைவு நீள்கிறது. 1,000 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 150 மைக்ரோமீட்டர் சிலிக்கானைக் கடந்த பின்னும் உறிஞ்சப்படாமல் எஞ்சியிருக்கும். வேஃபர்கள் மெலிந்து வரும் காலத்தில் இந்த நீட்சி சிறிய உதவியன்று.

பல்படிக வேஃபரில் படிகத் துணுக்குகள் பல திசைகளில் அமைந்திருப்பதால் காரம் சீரான பிரமிடுகளைத் தராது. அங்கே ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவையால் வட்டக் குழிகளை உண்டாக்குகிறார்கள்.

இனி, கறுப்பு கூடினால் மின்சாரமும் கூடும் என்ற கூற்றுக்கு வருகிறேன். நானோமீட்டர் அளவிலான ஊசிமுனைகளால் நிரம்பிய கறுப்பு சிலிக்கான் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஒளியைத் திருப்புகிறது. ஆனால் மேற்பரப்பைக் கரடாக்கும்போது அதன் பரப்பளவும் பெருகுகிறது. சாதாரணப் பிரமிடுகளே அதைச் சுமார் 1.7 மடங்காக்குகின்றன. ஒளி விடுவிக்கும் எலக்ட்ரான்கள் மின்முனையை அடையும் முன், எலக்ட்ரான்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களான ‘துளை’களோடு மீண்டும் சேர்ந்து மறையும் இடங்களும் அதற்கேற்ப மிகுகின்றன. நீல ஒளி மேற்பரப்பை ஒட்டியே உறிஞ்சப்படுவதால் அதற்குத்தான் சேதம் அதிகம். அதனால் கறுப்பு சிலிக்கான் கலங்கள் நெடுநாள் திறனில் பின்தங்கியே இருந்தன. 2015இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்பெயின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 22.1 விழுக்காட்டுத் திறனை எட்டியது வெறும் கருமையால் அன்று; எலக்ட்ரான்கள் இப்படி மறைவதைக் குறைக்கும் மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலத்தை ஊசிமுனைகளின் மீது சீராகப் போர்த்தியதும், மின்முனைகளைப் பின்புறத்துக்கு மாற்றியதுமே அதற்கு வழிவகுத்தன. உள்ளே போன ஒளியைக் கணக்கிட்டால் போதாது, வெளியே வந்த மின்னோட்டத்தையும் அளக்க வேண்டும் என்பதைக் கட்டுரை ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

கட்டுரையோடு வெளியான படத்தில் மின்கலத்தின் மேல்விளிம்பு வழவழப்பான நேர்கோடாக வரையப்பட்டிருந்தது. இணையப் பதிப்பிலேனும் அந்தக் கோட்டை ரம்பப் பற்களைப் போல மாற்றி, சாயம் என்ற சொல்லை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்