பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில்

சோழவந்தான்
மாசி முதல் வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் “நல்லாருக்கேன்ப்பா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுந்ததா, விழுந்ததா என்று ராத்திரி முழுக்கப் போனைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அதனால் காகிதத்தில் எழுதி, அம்மா கொடுத்த பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெரியப்பா மகன் நாளை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறான். சென்னை ஐஐடியின் வேளச்சேரி கேட்டில் வந்து நின்று போன் பண்ணுவான். தயவுசெய்து எடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது இரண்டு நிமிஷம் பதினோரு வினாடி. போனே காட்டுகிறது, நான் எண்ணவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு எடுக்கவே இல்லை. படிப்பு இருக்கும், தெரியும். குறை சொல்லவில்லை. ராத்திரி சப்பாத்தி போட்டால் சாப்பிடாமல் படுத்துவிடாதே. அறையில் உன்னோடு இருக்கும் அந்த ஆந்திரப் பெண் நல்ல மாதிரிதானே? அவளோடு சேர்ந்து சாப்பிடப் போ. தனியாகப் போகாதே.

கொடிக்காலில் பனி விட்டுவிட்டது. மார்கழி முழுக்க வளராமல் நின்ற கொடி இப்போதுதான் துளிர்க்கிறது. மேற்கு ஓரத்தில் நாலு பாத்தி வாடல் விழுந்து போய்விட்டது, பிடுங்கிப் போட்டேன். 2023-ல் நம்ம வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீதான் பேப்பரில் படித்துக் காட்டினாய். என் கைக்கு வருகிற விலையில் அதை இன்னும் காணோம். தம்பி பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறான், படிக்கிற மாதிரி தெரிகிறது. “அக்கா மாதிரி” என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறான். முதலில் ஆரம்பிக்கிறது நான்தான் என்கிறாள் உன் அம்மா.

டீக்கடையில் உன் படிப்பைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. “வைகையில மணலுகூட மிச்சமில்ல, மகளக் கப்பல் கட்டப் படிக்க வைக்கிறீகளே” என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நீ அனுப்பினாயே, அலை உண்டாக்குகிற தொட்டி போட்டோ, அதைக் காட்டினேன். கட்டடத்துக்குள்ளே கடல் என்றேன். வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும், பெயர் வேண்டாம், “பொம்பளப் பிள்ளைகளுக்குன்னு கூடுதல் சீட்டு போட்டாங்கள்ல, அதுலதான கெடச்சுச்சு” என்றார். அந்தக் கூடுதல் இடம் 2018-ல் வந்தது, அதற்கும் பரீட்சை எழுதித்தான் போக வேண்டும், முதல் பரீட்சையில் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால்தான் இரண்டாவதை எழுதவே விடுவார்கள், அந்த இரண்டாவதில் தமிழே கிடையாது, இங்கிலீஷும் இந்தியும்தான் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அங்கே யாராவது உன்னிடம் அப்படிச் சொன்னார்களா? கோட்டா, கவர்மெண்ட் ஸ்கூல் என்று? சொல்லியிருந்தால் என்னிடம் சொல். நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் சொல்.

அந்த இரண்டாம் பரீட்சை அன்றைக்கு மதுரையில் வெயில் எப்படி அடித்தது, ஞாபகம் இருக்கிறதா? உலோகம் எதுவும் கூடாது என்று கேட்டுக்கு வெளியிலேயே அம்மா உன் தோட்டைக் கழற்றினாள். திருகு வராமல் காது சிவந்துவிட்டது. அந்தத் தோட்டை ஒரு வெற்றிலையில் மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை அந்த வேப்ப மரத்தடியில் நின்றேன். அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் வெற்றிலை கசங்கி, சட்டைப் பையில் பச்சைக் கறை. இன்னும் போகவில்லை. மத்தியானம் வெளியே வந்து எலுமிச்சைச் சோற்றைப் பாதிதான் சாப்பிட்டாய். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். ஓபிசி சான்றிதழ் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொல்லி, நான் வெற்றிலைக் கூடையைக்கூட இறக்காமல் அலைந்தேனே, அந்தக் களைப்பெல்லாம் அந்த மரத்தடியில்தான் தெரிந்தது.

பணத்தைப் பற்றி நினைக்காதே. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐஐடி போனால் செலவை அரசாங்கமே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டில் சொன்னதுதான் உன்னைக் காப்பாற்றுகிறது, நானில்லை. லேப்டாப்புக்கு வாங்கியது மட்டும்தான் என் கடன். அதிலும் பாதி அடைந்துவிட்டது. “அப்பா கடன்பட்டுப் படிக்க வைக்கிறார்” என்ற நினைப்பு உனக்கு வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பரில் வந்தாய், பெரும்பாலும் தூங்கினாய். உன் கணக்கு டீச்சர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார்கள், பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு வந்து நாலு வார்த்தை சொல் என்று. தலைவலி என்றாய். பொங்கலுக்காவது இருந்திருக்கலாம், அதற்கும் முன்னாலேயே கிளம்பிவிட்டாய். படித்துப் பெரிய இடத்துக்குப் போனதும் பழசு மறந்துவிட்டது என்று நான் கத்தினேன். அந்த டீச்சர் சனி, ஞாயிறு பார்க்காமல் சொல்லிக்கொடுத்தவர் என்றும் சொன்னேன். அது உண்மைதான். கத்தியது தப்பு.

தூங்குகிறாயா? நேரத்துக்குத் தூங்கு. அங்கே திரிகிற மான் போட்டோ அனுப்பினால் உன் போட்டோவும் ஒன்று அனுப்பு.

போன வாரம் டிவியில் ஒரு செய்தி வந்தது. வேறு ஊர், வேறு காலேஜ், ஒரு பையன். ஹாஸ்டல் அறை. அம்மா ரிமோட்டை எடுத்துச் சீரியலுக்கு மாற்றிவிட்டாள். அது அவள் பார்க்கிற சீரியலே இல்லை. அரை மணி நேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சரி, அதை விடு. தனியாக இருக்காதே என்றுதான் சொல்ல வந்தேன். ஏற்கெனவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

சுற்றிச் சுற்றி எழுதுகிறேன். சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உன் சுடிதாரை அம்மா சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். அப்புறம்தான் பாக்கெட்டில் ஏதோ கையில் தட்டியது. எட்டாக மடித்த தாள். 20-க்கு 3. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, சிவப்பு மையும் எண்ணும் தெரியும். ஃபேனுக்கு அடியில் தட்டை வைத்துக் காயப்போட்டு, அதே மடிப்பில் மடித்து உன் பையில் வைத்துவிட்டாள். மை ஓடியிருந்தது. நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் பொங்கலுக்கு முன்னாலேயே கிளம்பினாய் என்று நினைக்கிறேன். நாங்கள் பார்த்தது உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். இரண்டு மாசமாகச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாளை நானும் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஓரத்தில் நீ பென்சிலில் பொடியாக “வகைக்கெழு” என்று எழுதிவைத்திருந்தாய். இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் மாற்றி, தமிழில் யோசித்து, மறுபடி இங்கிலீஷுக்கு மாற்றுவதற்குள் மணி அடித்திருக்கும். சார்பு, எல்லை, அணிக்கோவை, தொகையிடல் என்று வீட்டுத் திண்ணையில் நீ சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் படித்தது கொடிக்கால் வரைக்கும் கேட்கும். அது உனக்குத் தெரியாத கணக்கு இல்லை பாப்பா. பெயர் மாறியிருக்கிறது. அந்தப் பேராசிரியரிடம் போய்க் கேள். கூச்சமாக இருந்தால் சீனியர்களில் தமிழ்ப் பிள்ளை யாரையாவது பிடித்துக் கேள். ஆலோசகர் என்று உனக்கு ஒரு வாத்தியாரைப் போட்டிருக்கிறார்கள் என்று சேர்க்கிற அன்றைக்குச் சொன்னார்களே, அவரிடம் போய்க் கேள்.

போய்க் கேள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

நான் காலேஜை விட்ட கதை உனக்குத் தெரியும். தாத்தா கொடிக்காலில் ஏணியிலிருந்து விழுந்தார், இடுப்பு போனது, மூத்த பையன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொடியைப் பார்க்க வந்தான். உனக்கு அதைச் சொல்லித்தான் வளர்த்தேன். “அப்பாவுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கணும்” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மாதிரிப் பள்ளி ஹாஸ்டலில் உன்னை விட்டுவிட்டு வந்த அன்றைக்கும் நீ அழுதபோது அதைத்தான் சொன்னேன்.

தாத்தா விழுந்தது மாசியில். நான் ஊருக்கு வந்தது அதற்கு முந்தின ஐப்பசியில்.

1994. நம்ம பள்ளியில் நான்தான் முதல் மார்க். மதுரையில் அந்தக் காலேஜில் பி.எஸ்சி. இயற்பியல், ஹாஸ்டல். வாத்தியார் இங்கிலீஷில் கேட்பார், எனக்கு விடை தெரியும், வாய் வராது. ஒருநாள் லேபில் கையில் இருந்த கருவியைக் காட்டிப் பெயர் கேட்டார். “திருகு அளவி” என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். என் அப்பா வெற்றிலைக்காரர் என்று தெரிந்ததும் எனக்குக் “கவுளி” என்று பெயர் வைத்தார்கள். நூறு வெற்றிலை ஒரு கவுளி, பல்லிக்கும் அதுதான் பெயர். சுவரில் பல்லி வந்தால், “டேய், உன் சொந்தக்காரன்” என்பார்கள். முதல் டெஸ்டில் 50-க்கு 9. அன்று மத்தியானமே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சோழவந்தான் ஸ்டேஷன் பெஞ்சில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன், ஊர்க்காரர்கள் பார்க்கக் கூடாது என்று.

லேபில் உதவியாளர் ஒருத்தர் இருந்தார். “நாலு மணிக்கு மேல வா தம்பி, எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல பேரு சொல்லித் தாரேன்” என்று இரண்டு தரம் கூப்பிட்டார். நான் போகவே இல்லை. அவர் கூப்பிட்டதே எனக்கு அவமானமாகத் தெரிந்தது.

தாத்தா ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், சாப்பிடச் சொன்னார். மறுநாள் டீக்கடையில், “கொடிக்காலுக்கு ஆள் இல்ல, நான்தான் அவனை நிறுத்திட்டேன்” என்று அவரே சொல்லிவிட்டார். நாலு மாசம் கழித்து அவர் நிஜமாகவே விழுந்ததும் கதை சரியாகப் பொருந்திவிட்டது. படிக்கிற பிள்ளையைக் கெடுத்தவர் என்று உன் அப்பத்தா சாகும்வரை அவரைத் திட்டினாள். அவர் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட எல்லோரும் அதைப் பேசினார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கே முந்தாநாள்தான் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத வச்சா பிள்ளைய விரட்டுனீக?” என்று கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் உனக்கு வைத்த ஃப்ளெக்ஸ், வேண்டாம் என்று நீ சொன்னாய். ஊர் ஆசைப்படுகிறது என்றேன். ஊர் இல்லை, நான். காற்றில் கிழிந்ததும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மோட்டார் ரூம் மேலே போட்டிருக்கிறேன், உன் முகம் மழையில் நனையாமல் உள்பக்கம் இருக்கிற மாதிரி. நீ பார்த்தால் திட்டுவாய்.

இந்த செமஸ்டரில் அந்தப் பாடம் திரும்ப எழுத வேண்டியிருந்தால் எழுது. ஒரு வருஷம் கூடினால் கூடட்டும். அது உனக்குப் பிடிக்காத இடம் என்றால் அதையும் சொல். பாண்டியனில் டிக்கெட் கிடைக்காவிட்டால் நான் பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். டீக்கடையில் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உண்மையைத்தான் சொல்வேன், அதற்கும் கொஞ்சம் பழக வேண்டும். வர வேண்டும் என்று சொல்லவில்லை. நீ அங்கே இருந்து படித்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். பார், மறுபடி அதையே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன். பேசப் பிடிக்காவிட்டாலும் எடுத்துக் காதில் வை. நான் கொடிக்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: பொடியில் பூண்டு கூடுதல், நல்லெண்ணெய் பாட்டில் தனியாக இருக்கிறது. குரங்கு வரும் என்றாயே, ஜன்னலோரம் வைக்காதே. டப்பாவை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறாள் அம்மா, போன தரம் போன எவர்சில்வர் டப்பா இன்னும் வரவில்லை.