சாயம் அடித்தவனும் கத்தி எடுத்தவனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘புள்ளிங்கோ’ என்று அழைக்கப்படும் சென்னை இளைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முடிச்சாயம், அலறும் பைக், கானா, கஞ்சா, பட்டாக்கத்தி எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்திருக்கின்றன. 2019இல் அரும்பாக்கத்தில் பேருந்தில் வந்த மாணவர்களை வெட்டியவர்கள்மீது வழக்கு வேண்டும், தண்டனை வேண்டும். தலையில் செம்பட்டை அடித்துக்கொண்டு ரீல்ஸ் போடுகிறவனை ஏன் அவர்களோடு சேர்த்தீர்கள்?

இங்கிலாந்தில் இந்தக் கூத்து 1964லேயே நடந்தது. ஈஸ்டர் விடுமுறை, கிளாக்டன் என்ற கடற்கரை ஊர். குளிர், மழை, பொழுதுபோக வழியில்லை. உள்ளூர்ப் பையன்களுக்கும் லண்டனிலிருந்து வந்தவர்களுக்கும் தகராறு. சில ஜன்னல்கள் உடைந்தன, கடற்கரைக் குடில்கள் சில நாசமாயின. மறுநாள் பத்திரிகைகள் ஊரே சூறை போனதாக எழுதின. ஸ்கூட்டர் ஓட்டும் ‘மாட்ஸ்’, மோட்டார் பைக் ஓட்டும் ‘ராக்கர்ஸ்’ என்ற இரண்டு படைகளாக அவர்களைப் பிரித்து நிறுத்தியதில் பெரும்பங்கு அந்தச் செய்திகளுக்குத்தான். அடுத்த விடுமுறைக்கு மார்கேட்டிலும் பிரைட்டனிலும் பெருங்கூட்டம். பலர் சண்டையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள். போலீசும் நீதிமன்றமும் கெடுபிடியைக் கூட்டின. நேரில் போய்ப் பார்த்து இதையெல்லாம் எழுதிய சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹென், சேதம் என்னவோ சொற்பம்தான் என்றார்.

நம் ஊருக்கு வருவோம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்திருந்தவர்களை, போக்குவரத்தைச் சீர்செய்கிறார்கள், குப்பை பொறுக்குகிறார்கள் என்று ஒரு வாரம் கொண்டாடினோம். 23ஆம் தேதி காலையில் போலீஸ் கலைக்கத் தொடங்கியதும் ‘சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்’ என்றார்கள். ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த, பக்கத்து மீனவக் குப்பமான நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. எரித்தது போலீஸ்தான் என்றார்கள் அங்கிருந்த மீனவப் பெண்கள். நல்ல பிள்ளை யார், பொறுக்கி யார் என்பதை நாம் செயலை வைத்து முடிவு செய்வதில்லை, ஏரியாவை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிப் பையன் அதே சாயத்தை அடித்துக்கொண்டால் உங்கள் ஃபேஷன் பக்கத்தில் வருவான்.

போலீசில் பிடிபட்டவன் கழிப்பறையில் வழுக்கி விழுந்தான் என்று மாவுக்கட்டுப் படத்தோடு செய்தி வந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அப்படிச் சிரிக்க நம்மைப் பழக்கியதில் இத்தகைய கட்டுரைகளுக்கும் பங்குண்டு.

கட்டுரையில் காவல் அதிகாரி பேசுகிறார், மனநல மருத்துவர் பேசுகிறார், கல்லூரி முதல்வர் பேசுகிறார். ஒரு பையன்கூடப் பேசவில்லை. பெண்பிள்ளைகளோ கண்ணிலேயே படவில்லை. (இளைஞர் கூட்டங்களை ஆராய்ந்த இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமே இந்தக் குறை இருந்தது, 1970களில் அவர்களில் ஒருவரான ஏஞ்சலா மெக்ராபி அதைச் சுட்டிக்காட்டினார்.) இரண்டாம் பகுதி அடுத்த இதழில் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குமுன் உங்கள் நிருபர் வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையும் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை