மோர்வென்ஸ்டோவில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அன்புடையீர்,

அப்பா நேற்று வீடு திரும்பிவிட்டார். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், மோர்வென்ஸ்டோ ஊரில் நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மீண்டும் எழுத மனம் ஒப்பவில்லை. பாறைச் சரிவிலிருந்து அவரை மேலே கொண்டுவந்த மீட்புக் குழுவினர், மருத்துவர்கள், செவிலியர், எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்த தமிழ் நண்பர்கள், ஊரிலிருந்து ஓயாமல் விசாரித்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இவர்களோடு, மோர்வென்ஸ்டோவைச் சேர்ந்த ஒரு முதிய அம்மையாரைத் தனியே சொல்ல வேண்டும். அப்பா அங்கே வந்ததே, ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்னும் ஆங்கிலிக்கன் பாதிரியார் 1837-இல் தேவாலயத்தை அடுத்துக் கட்டிய வீட்டைப் பார்க்கத்தான். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று அவர் குறைபட்டதை யாரோ சொல்லக் கேட்டு, முன்பின் அறியாத அந்த அம்மையார் ஒரு தாளும் பென்சிலுமாக மருத்துவமனைக்கே வந்துவிட்டார். கட்டிலருகே அமர்ந்து, அந்த வீட்டின் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாக வரைந்தார். ஹாக்கர் தம் வாழ்வோடு தொடர்புடைய கோபுரங்களின் சாயலில் அவற்றை எழுப்பியிருந்தார்: டாமர்ட்டன், வெல்கம் தேவாலயங்கள், ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரி. சமையலறைப் புகைபோக்கி மட்டும் அவருடைய தாயின் கல்லறை வடிவம். “அப்படியானால் அடுப்புப் புகை அம்மாவின் சமாதி வழியாகவா போகும்?” என்று கேட்டு அப்பா சிரித்தார், விபத்துக்குப் பிறகு நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அது.

புயலில் ஆட்டுமந்தை ஒதுங்கிய இடம் எதுவென்று பார்த்தே ஹாக்கர் மனையைத் தேர்ந்தார் என்று ஊரார் சொல்வதையும், நாளுக்கு ஒரு பவுண்டு பண வருமானத்தைக் குறிப்பிட்டு, பின்வரும் குருமாரை ஏழைகளிடம் இரக்கம் காட்டச் சொல்லும் பாடலை அவர் வாசலுக்கு மேல் பொறித்திருப்பதையும் அம்மையார் விவரித்தார். ஹாக்கருக்கு முன் நூறாண்டுக்கும் மேலாக அந்தத் தேவாலயப் பங்கில் குரு எவரும் குடியிருந்ததில்லை. கப்பல் உடைந்து கரையொதுங்கிய மாலுமிகளின் உடல்களைக் கடற்கரையிலேயே புதைத்துவிடும் வழக்கம் இருந்த ஊரில், ஹாக்கர் அவற்றைத் தேடியெடுத்து, நாற்பதுக்கும் மேற்பட்டோரைத் தேவாலய வளாகத்தில் முறைப்படி அடக்கம் செய்தார். 1842-இல் உடைந்த கலிடோனியா கப்பலின் முகப்புச் சிலையே அதன் மாலுமிகளின் கல்லறைக்கு அடையாளமாயிற்று. அதே பாறைகளிலிருந்து உயிரோடு மீண்டவரின் மகனாக இதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு எழவில்லை. அம்மையாருக்கு அன்று சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை.

அப்பா நன்றாக நடக்கத் தொடங்கியதும் அவரை அங்கே அழைத்துச் செல்வேன். இன்று இங்கிலாந்துத் தேவாலயங்களில் நடக்கும் அறுவடை நன்றி வழிபாட்டுக்கு 1843-இல் அந்த ஊரிலேயே வழிகோலியவரும் ஹாக்கர்தான் என்பதால், அந்த வழிபாட்டு நாளிலேயே போக வேண்டுமென்பது அப்பாவின் கட்டளை.