குரு நானக் பெயரில் வந்த மூன்று மேற்கோள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரு நானக் ஜயந்தியை ஒட்டித் தங்கள் இதழில் வெளியான, சீக்கியர்களின் திருநூலான குரு கிரந்த் சாகிப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேர் தொடாத விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் கட்டுரையாளருக்கு நன்றி. ஆனால் 'குரு நானக் அருளியவை' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த மூன்று மேற்கோள்களில் ஒன்றுகூட அவர் பாடியது இல்லை.

'அவல் அல்லா நூர் உபாயா' என்று தொடங்கும் பாடல் கபீருடையது. பிரபாதி ராகத்தில், 1349ஆம் பக்கத்தில் இருக்கிறது. 'நாங்கள் இந்துவும் அல்ல, முசல்மானும் அல்ல' என்ற வரி பைரவ் ராகத்தில் 1136ஆம் பக்கத்தில் வருகிறது. அந்தப் பாடல் கபீர் பெயரோடு முடிந்தாலும், தலைப்பு அதை ஐந்தாம் குருவான அர்ஜனுடையது என்கிறது. 'மனித சாதி எல்லாம் ஒன்றே என்று அறி' என்ற மூன்றாவது வரி குரு கிரந்த் சாகிப்பிலேயே கிடையாது. அது தசம் கிரந்தம் என்ற வேறொரு நூலில், குரு கோவிந்த் சிங் பெயரில் வழங்கும் அகால் உஸ்தத் என்ற பாடலில் உள்ள வரி. வலைத்தளங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் இம்மூன்றும் குரு நானக் பெயரிலேயே சுற்றுகின்றன. ஒரு பத்திரிகையும் அப்படியே அச்சிட்டால் அடுத்து எழுதுகிறவருக்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

இந்தத் தவறு நேர்வதற்கு நூலின் அமைப்பே காரணம். திருஞானசம்பந்தர் பதிகத்தின் திருக்கடைக்காப்பில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். அதை வைத்தே பாடியவரை அடையாளம் காணும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோடு குரு கிரந்த் சாகிப்பைத் திறந்தால் வழி தவறிவிடும். அதில் ஆறு குருமார்களின் பாடல்கள் இருக்கின்றன. ஆறு பேருமே 'நானக்' என்றுதான் முத்திரை வைக்கிறார்கள். யார் பாடியது என்பதை முத்திரை சொல்லாது, தலைப்பில் உள்ள மஹல்லா எண்தான் சொல்லும். மஹல்லா 1 குரு நானக், 2 அங்கத், 3 அமர்தாஸ், 4 ராம்தாஸ், 5 அர்ஜன், 9 தேக் பகதூர். சுக்மனி என்ற நெடும்பாடலின் 24 அஷ்டபதிகளிலும் நானக் பெயர் ஒலிக்கிறது. பாடியவர் குரு அர்ஜன். திருமணத்தில் பாடும் லாவான் குரு ராம்தாஸுடையது; 'ஆனந்த்' குரு அமர்தாஸுடையது.

குருமார்களோடு கபீர், ரவிதாஸ், நாமதேவர், சேக் ஃபரீத் முதலிய 15 பக்தர்களின் பாடல்களும் உண்டு. ஒவ்வொரு ராகத்திலும் குருமார்களின் பாடல்கள் முடிந்த பிறகே இவர்கள் வருவார்கள். வரிசை காலத்தையோ பொருளையோ பின்பற்றியதல்ல. தேவாரத்தைப் பண்முறையில் அடுக்கியதுபோல இங்கே ராகமுறை. ஸ்ரீ ராகத்தில் தொடங்கி ஜைஜாவந்தியில் முடியும் 31 ராகங்கள் 14ஆம் பக்கத்திலிருந்து 1353 வரை ஓடுகின்றன. 1604இல் குரு அர்ஜன் தொகுத்தபோது பாய் குர்தாஸ் கையால் எழுதிய முறை இது. குரு தேக் பகதூரின் பாடல்கள் பின்னர் குரு கோவிந்த் சிங் காலத்தில் சேர்ந்தவை.

மிகவும் கவனம் வேண்டிய இடம் 'வார்' என்ற நெடும்பாடல்கள். நூலில் 22 வார்கள் இருக்கின்றன. ஒரு வாரின் பௌரிகளை, அதாவது அதன் கண்ணிகளை, பெரும்பாலும் தலைப்பில் சொல்லப்பட்ட குருவே பாடியிருப்பார். பௌரிகளுக்கு முன்னால் வரும் சலோக்குகள் என்ற சிறு செய்யுள்களோ வேறு குருமார்களுடையவையாக இருக்கலாம். சலோக்கின் தலையில் மஹல்லா எண் இருக்கும். பௌரியில் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பல பக்கம் பின்னோக்கிப் போய் வாரின் தலைப்பைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திரையில் பார்த்து எடுத்து எழுதுகிறவர் விழுவது இங்கேதான்.

சாரங் ராக வாரையே எடுத்துக்கொள்வோம். 1237ஆம் பக்கத்தில் அது தொடங்கும்போது தலைப்பு 'மஹல்லா 4'. ஆனால் 1245இல் உள்ள ஒரு சலோக்கின் தலையில் 'மஹல்லா 1' என்று தெளிவாக இருக்கிறது. ஞானமில்லாதவன் பாட்டுப் பாடுகிறான்; பசித்த முல்லா வீட்டையே மசூதி ஆக்கிக்கொள்கிறான்; வேலையில்லாதவன் காதைக் குத்திக்கொண்டு யோகி ஆகிறான் என்று அடுக்கிக்கொண்டே போய், 'குரு என்றும் பீர் (முஸ்லிம் ஞானி) என்றும் சொல்லிக்கொண்டு பிச்சைக்குப் போகிறவன் காலில் ஒருபோதும் விழாதே' என்கிறார் குரு நானக். அதற்கு அடுத்துத்தான், உழைத்து உண்டு கையிலிருந்து கொஞ்சம் கொடுப்பவர்களே வழியை அறிந்தவர்கள் என்ற புகழ்பெற்ற முடிப்பு. 'உழை, பகிர்ந்து உண், நாமம் சொல்' என்று கட்டுரை நூலின் வாசகமாகவே கொடுத்த முப்பெரும் கட்டளை அந்தச் சொற்களில் நூலில் இல்லை. அந்தக் கருத்துக்கு அடி தேடுகிறவர் இந்தச் சலோக்குக்கு வரட்டும். கடைசி இரண்டு அடிகளை மட்டும் வெட்டி எடுத்தால் நீதிமொழியாகத்தான் தெரியும். முழுதாகப் படித்தால் எவ்வளவு கோபம் கொண்ட கவிஞர் என்று புரியும்.

அடுத்தது கதைகள். உழைப்பாளி லாலோவின் ரொட்டியைப் பிழிந்தால் பால் வந்தது, செல்வன் மாலிக் பாகோவின் பலகாரத்தைப் பிழிந்தால் ரத்தம் வந்தது என்ற நிகழ்ச்சியை 'கிரந்தம் கூறுகிறது' என்று கட்டுரை சொல்கிறது. கிரந்தத்தில் நானக்கின் வாழ்க்கைக் கதையே கிடையாது. அது முழுக்கப் பாடல்கள். கதைகள் இருப்பது ஜனம்சாகிகள் என்ற வாழ்க்கைக் கதை ஏடுகளில். அவற்றில் ஒரு மரபு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. புராதன் ஜனம்சாகி குரு நானக் வைசாகத்தில் பிறந்தார் என்கிறது, பாலா ஜனம்சாகி கார்த்திகை என்கிறது. நாம் கார்த்திகைப் பௌர்ணமியில் ஜயந்தி கொண்டாடுவது இரண்டாவதை ஒட்டி. அவர் மறைந்தது 1539இல். பாலா மரபில் கிடைத்த பழைய ஏட்டின் ஆண்டு 1658. பாய் குர்தாஸ் தாமே இயற்றிய, கிரந்தத்தில் சேராத 40 வார்களில் முதலாவது, மெக்கா, பாக்தாத் பயணங்களைச் சொல்கிறது. காலத்தால் நானக்குக்கு இன்னும் நெருங்கியது. குருமார்களின் வரலாற்றைப் பாடும் பாய் சந்தோக் சிங்கின் சூரஜ் பிரகாஷ் முடிந்ததோ 1843இல். எது எந்தக் காலத்துச் சான்று என்று சொல்லிவிட்டுக் கதை சொல்வதில் தவறே இல்லை.

ஆனால் லாலோவின் பெயர் கிரந்தத்தில் உண்மையாகவே உண்டு. 722ஆம் பக்கத்தில் திலங் ராகப் பாடல் ஒன்றில் குரு நானக் 'லாலோவே' என்று விளித்து, பாவத்தின் கல்யாண ஊர்வலத்தோடு காபூலிலிருந்து பாய்ந்து வந்தவன் வலுக்கட்டாயமாகத் தானம் கேட்கிறான் என்கிறார். பாபரின் படையெடுப்பைத்தான் சொல்கிறார். '78இல் வந்தார்கள்' என்று அதே பாடலில் வருவதை உரையாசிரியர்கள் விக்கிரம ஆண்டு 1578 என்று கொள்வார்கள். 57ஐக் கழித்தால் 1521. 1578ஐ அப்படியே கிறிஸ்து ஆண்டாக எடுத்து எழுதிய தமிழ்க் குறிப்புகளையும் பார்க்க முடிகிறது. பழைய சீக்கிய ஏடுகளில் விக்கிரம ஆண்டைக் கண்டால் இந்தக் கழித்தலைச் செய்தாக வேண்டும்.

கட்டுரையின் முடிவில், நூலை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துப் படிக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். இதை அவசியம் திருத்துங்கள். 1708இல் நாந்தேட்டில் குரு கோவிந்த் சிங் இந்நூலிடம் குருத்துவத்தை ஒப்படைத்ததிலிருந்து சீக்கியர்களுக்கு அது வாழும் குரு. பக்கத்தைக்கூடப் 'பக்கம்' என்னாமல் அங்கம் என்றே சொல்வார்கள். முழு நூலை வீட்டில் வைத்தால் தனி இடம், விதானம், காலையில் திறப்பது, இரவில் துயில வைப்பது எல்லாம் செய்ய வேண்டும். படிப்பதற்கென்று நித்தியப் பாடல்களின் சிறு கைநூல் கிடைக்கிறது; அதற்குக் குட்கா என்று பெயர். உரையோடு பல பாகங்களாக வந்த பதிப்புகள் இருக்கின்றன. பேராசிரியர் சாகிப் சிங்கின் தர்ப்பண் என்ற உரை பத்துப் பாகம். அவற்றையும் தலையை மூடி, கை கழுவிவிட்டு எடுப்பதே மரியாதை.

புதிதாகப் படிக்கிறவர்கள் முதல் அங்கத்திலிருந்து நேராகப் போனால் ஸ்ரீ ராகத்தின் நடுவிலேயே சோர்ந்துவிடுவார்கள். 38 பௌரிகள் கொண்ட ஜப்ஜி முதலில், அடுத்து 462இல் தொடங்கும் ஆசா கி வார், பிறகு 1377இலிருந்து ஃபரீதின் சலோக்குகள், கடைசியாக 1426இலிருந்து குரு தேக் பகதூரின் சலோக்குகள் என்று போவது எளிது. ராகப் பாடல்களில் 'ரஹாவு' என்று குறித்த அடி இருந்தால் அதை முதலில் படியுங்கள். பாடலின் மையம் அங்கேதான் இருக்கும்; மற்ற அடிகள் அதை விரிப்பவை. கபீரின் மேற்சொன்ன பாடலில் ரஹாவு அடி, படைத்தவன் படைப்பில், படைப்பு படைத்தவனில் என்பது. பரவலாகச் சுற்றும் முதல் வரியை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

திருத்தம் வெளியிடும்போது மூன்று மேற்கோள்களையும் இப்படிப் போட்டால் போதும்: பிரபாதி, கபீர், அங்கம் 1349; பைரவ், மஹல்லா 5, அங்கம் 1136; தசம் கிரந்தம், அகால் உஸ்தத். கையெழுத்துப் படிகளில் ஏட்டெண் படிக்குப் படி மாறும். இன்றைய அச்சில் 1430 அங்கங்கள் என்பது நிலைத்துவிட்டதால், எந்த ஊர்க் குருத்வாராவிலும் கிரந்தத்தின் அங்க எண்ணைச் சொன்னால், நூலை ஓதும் கிரந்தி அந்த இடத்தைத் திறந்து வாசித்துக் காட்டிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
திருச்சி