நூலகர்களுக்கும் வாசகர் வட்டத்துக்கும்: வாசல் பக்கத்துல ஒரே ஒரு ரேக் குடுங்க

தமிழ்நாட்டுல கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம்னு எல்லாத்துலயும் வேலை பாக்குற நூலகர் சார், மேடம் எல்லாருக்கும், அந்தந்த நூலகத்து வாசகர் வட்டத்துல இருக்கவங்களுக்கும் வணக்கம்.

கேக்க வந்ததை முதல்லயே கேட்டுடறேன். நூலகத்துக்குள்ள நுழைஞ்ச உடனே கண்ணுல படுற மாதிரி ஒரு ரேக், மூணு தட்டு போதும். மேல் தட்டு பெரியவங்களுக்கு, நடுத்தட்டு பன்னெண்டுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் இருக்க பிள்ளைங்களுக்கு, கீழ்த்தட்டு கை எட்டுற உயரத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு. அதுல வைக்கிற புத்தகத்தை நீங்க தேர்ந்தெடுக்க வேண்டாம், அங்க வந்து படிக்கிற நாங்களே தேர்ந்தெடுக்கிறோம். படிச்சுட்டு ரொம்பப் பிடிச்சிருந்தா ஒரு சின்ன அட்டையில "இது யாருக்குப் பிடிக்கும், எனக்கு ஏன் பிடிச்சது"னு ரெண்டு மூணு வரி எழுதி புத்தகத்துக்குள்ள சொருகி அந்த ரேக்ல வச்சிடுவோம், அடுத்து வர்றவங்க அதைப் பாத்து எடுத்துட்டுப் போகட்டும். அவ்வளவு தான் கோரிக்கை.

இது எதுக்குன்னு கேட்டா, நம்ம நூலகங்கள்ல புத்தகம் நிறையவே இருக்கு, எதை எடுக்குறதுன்னு தான் உள்ள வர்றவங்களுக்குத் தெரியல. புத்தகத்தோட முதுகுல ஒரு நம்பர் ஒட்டியிருக்கு, கடைசியில தேதிச் சீட்டு ஒட்டியிருக்கு, அந்தச் சீட்டைப் பாத்தா இதை யாரோ எப்பவோ எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு தெரியும், ஆனா எடுத்துட்டுப் போனவங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சா, பாதியில மூடி வச்சாங்களா, வீட்டுல யாருக்காவது வாசிச்சுக் காட்டினாங்களான்னு அந்தச் சீட்டு சொல்லாது. இந்திய நூலகவியலோட தந்தைன்னு சொல்ற, சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல நூலகத்துக்காக எழுதின அஞ்சு விதிகள் உங்களுக்குத் தெரியாததில்ல, நீங்க படிச்சு பரீட்சை எழுதினது. அதுல ரெண்டாவது விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், மூணாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். இந்த மூணாவது விதியை நூலகர் ஒருத்தரே செய்யணும்னா நடக்காது, அந்தப் புத்தகத்தை ஏற்கனவே படிச்ச இன்னொரு வாசகர் தான் அதுக்கு உதவ முடியும்.

எங்க கரிசக்காட்டுல இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். கி.ராஜநாராயணன் புத்தகம் எல்லாத்தையும் ஒரே இடத்துல அடுக்கி வச்சிருப்பாங்க, ஒரே எழுத்தாளர் தானே, சரி தான். ஆனா அந்த வரிசையில 'பிஞ்சுகள்' இருக்கு, பறவைங்க பின்னாடி அலையுற பையனோட கதை, அஞ்சாவது ஆறாவது படிக்கிற பிள்ளை கையில குடுத்தா கீழ வைக்காது. அதே வரிசையில 'கோபல்ல கிராமம்' இருக்கு, 1976ல வந்த நாவல். அதுக்குப் பக்கத்துலயே 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'ங்கிற நாட்டுப்புறக் கதைத் தொகுப்பும் இருக்கு. மூணு வேற வேற வயசுக்காரங்களுக்கு மூணு புத்தகம், ஒரே ஆள் பேர்ல வந்தது. ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிட்டு வந்து "கி.ரா. நல்லா எழுதுவாராமே"ன்னு கையில கிடைச்சதை எடுத்துட்டுப் போனா எது கிடைக்கும்? மூணாவது கிடைச்சா வீட்டுல போய்த் திறந்து பாத்துட்டு, அடுத்த தடவை அந்த வரிசைப் பக்கமே வர மாட்டாங்க. 'பிஞ்சுகள்'குள்ள ஒரு அட்டை, "பறவை பிடிக்கும்னா இதைப் படி, ஆறாம் வகுப்பு"ன்னு இருந்தா அது சரியான கைக்குப் போயிடும்.

சின்னப் பிள்ளைங்க தட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நிறைய நூலகத்துல படப்புத்தகத்தை எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க, கேட்டா "கிழிச்சுடுவாங்க"ன்னு பதில் வருது. கணக்கு காட்டணும், தொலைஞ்சா உங்க தலையில விழும், அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா நாலு வயசுப் பிள்ளை புரட்டிப் புரட்டிக் கிழிஞ்ச புத்தகம் வேலை செஞ்ச புத்தகம், அதைக் கழிவுல போடுறதுக்கு பொது நூலக இயக்ககமே ஒரு ஏற்பாடு பண்ணிக் குடுக்கணும், நூலகர் தலையில கட்டக் கூடாது. பள்ளிக்கூடத்துல வாசிப்பு இயக்கம்னு சொல்லி நுழை, நட, ஓடு, பறன்னு பிள்ளைங்க படிக்கிற அளவுக்கு ஏத்த மாதிரி சின்னச் சின்ன புத்தகம் போட்டாங்களே, அது மாதிரி மெலிசான, படம் பெருசா இருக்க புத்தகங்க தான் கீழ்த்தட்டுல நிறைய இருக்கணும். அழ.வள்ளியப்பா பாட்டுப் புத்தகம் கண்டிப்பா இருக்கணும், ஏன்னா அதைப் பிள்ளை படிக்க வேண்டியதில்ல, தாத்தாவோ அக்காவோ சத்தமா பாடினா போதும், ரெண்டாவது தடவை பாடும்போது பிள்ளையே அடுத்த வரியைச் சொல்லிடும். எழுதத் தெரியாத பிள்ளைங்க சொல்றதைப் பெரியவங்க அட்டையில எழுதுங்க, ஆனா திருத்தாதீங்க. "பூனை சூப்பர்"னு சொன்னா பூனை சூப்பர்னே எழுதுங்க, "இந்நூல் பிராணிகளிடம் அன்பு செலுத்தக் கற்றுத்தருகிறது"ன்னு மாத்தினா அடுத்த பிள்ளை அதை எடுக்காது.

நடுத்தட்டு தான் நான் இந்த மடலை எழுதவே காரணம். நூலகத்துல சிறுவர் பகுதின்னு ஒரு மூலை இருக்கு, அதை விட்டா மத்ததெல்லாம் பெரியவங்களுக்கு. எட்டாவது தாண்டின பிள்ளைக்கு சிறுவர் பகுதியில உக்காரக் கூச்சமா இருக்கும், பெரியவங்க பகுதிக்குப் போனா "இங்க உனக்கு என்னப்பா வேலை"ங்கிற மாதிரி பாப்பாங்க. அந்த வயசுல அவங்களுக்குன்னு நாம குடுக்குறது நீட் கைடும் பழைய கேள்வித்தாளும் தான். போட்டித் தேர்வுக்குப் படிக்க வர்றவங்க மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல, அவங்களுக்கு வீட்டுல இடம் இருக்காது, நூலகம் தான் கதி, அவங்க உக்காரட்டும். ஆனா பதிமூணு வயசுல கதை படிக்கிறதை விட்ட பிள்ளை திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம். நல்லா படிச்சுட்டு இருந்த பிள்ளைங்க அந்த வயசுல அப்படியே நின்னு போறதை எங்க தெருவுலயே பாக்குறேன், வீட்டுல "பாடத்தைப் படி"ன்னு ஒரு பக்கம், நூலகத்துல அவங்க வயசுக்கு எதுவும் இல்லாதது இன்னொரு பக்கம்.

இத்தனைக்கும் அந்த வயசுக்கு நம்மகிட்ட எவ்வளவோ இருக்கு. பூமணியோட 'வெக்கை' 1982ல வந்த நாவல், அதுல வர்ற சிதம்பரத்துக்கு வயசு பதினஞ்சு. அண்ணனைக் கொன்னவனைப் பழிவாங்கிட்டு அப்பாவோட காட்டுல ஒளிஞ்சு திரியுற பையன், என்ன சாப்பிடுறாங்க எங்க தூங்குறாங்க அப்பாவும் மகனும் என்ன பேசிக்கிறாங்கன்னு தான் பெரும்பாலும் கதையே போகும். 2019ல வந்த அசுரன் படத்தைப் பாக்காத பையன் எங்க ஊர்ல கிடையாது, அந்தப் படம் இந்த நாவல்ல இருந்து வந்ததுன்னும் புத்தகத்துல இருக்க சிதம்பரம் வேற மாதிரி இருப்பான்னும் அவங்ககிட்ட யாராவது சொல்லியிருக்கோமா? ஒரு பத்தாவது படிக்கிற பையன் "படத்தை விட இது வேற, படிச்சுப் பாரு"ன்னு ஒரு அட்டை எழுதி வச்சா அதை எடுக்க எத்தனை பேர் வருவாங்கன்னு பாருங்க. கொலை இருக்கே, பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமான்னு சில பேர் கேப்பீங்க. குடுக்கலாம்னு தான் நான் சொல்வேன், அவங்க போன்ல பாக்குற வெட்டுக்குத்துல வெட்டினவன் ராத்திரி எப்படி முழிச்சுக் கிடக்கான்னு காட்டுறதே இல்ல, இந்த நாவல் அதைக் காட்டுது.

கிரிக்கெட் பைத்தியமா இருக்க பிள்ளைக்கு அசோகமித்திரனோட 'பதினெட்டாவது அட்சக்கோடு' குடுங்க, சிகந்தராபாத்துல கிரிக்கெட் ஆடிட்டு இருக்க காலேஜ் பையன் வாழ்க்கையில ரஜாக்கர் காலம், அதாவது ஹைதராபாத் நிஜாம் ஆட்சிக்காக ரஜாக்கர் படை நின்ன கலவர காலம், எப்படி நுழையுதுன்னு சொல்ற கதை. கேள்வி கேட்டு டீச்சர்கிட்ட திட்டு வாங்குற பொண்ணுக்கு இரா.நடராசனோட 'ஆயிஷா', அது ரொம்பச் சின்ன புத்தகம், ஒரே மூச்சுல படிச்சுடலாம், ஆனா படிச்சு முடிச்சுட்டு உடனே எந்திரிக்க முடியாது. யெஸ்.பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கின நாவல், வீட்டுல வாயத் திறந்து பேசத் தயங்குற தப்பான தொடுதல் விஷயத்தை ஒரு மரப்பாச்சி பொம்மையை வச்சுப் பேசுது, அதை நடுத்தட்டுல ரெண்டு பிரதியா வைங்க, ஒண்ணு பிள்ளை எடுக்கட்டும், இன்னொண்ணை அவங்க அம்மா எடுக்கட்டும். புத்தகம்னாலே ஓடுற பையனா, காமிக்ஸ் வைங்க. சிவகாசியில இருந்து 1972ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச முத்து காமிக்ஸைப் படிச்சே தமிழ்ல வேகமா வாசிக்கப் பழகினவங்க நம்ம ஊர்ப்பக்கம் எத்தனை பேர், காமிக்ஸ் எல்லாம் புத்தகமான்னு தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க.

'கோபல்ல கிராம'மும் நடுத்தட்டுக்கு வரலாம், பெரியவங்க தட்டுலயும் இருக்கலாம். அட்டையில என்ன எழுதணும்னா, வந்து குடியேறினவங்க வரலாறுன்னு எழுதாதீங்க, குளத்துல தண்ணி குடிக்கக் குனிஞ்ச ஒரு பொண்ணைக் கம்மலுக்காக ஒருத்தன் தண்ணிக்குள்ள அமுக்குறான், அவ அவன் கால் பெருவிரலைப் பல்லால கவ்விப் பிடிச்சு விடாமலே செத்துப் போறா, அவன் மாட்டிக்கிறான், அப்புறம் ஊர் என்ன பண்ணுச்சுன்னு தெரியணும்னா படின்னு எழுதுங்க.

பெரியவங்க தட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்ல, அங்க எழுத ஆள் தானா வருவாங்க. ஒண்ணு மட்டும் வாசகர் வட்டத்துக்காரங்ககிட்ட கெஞ்சிக் கேட்டுக்கறேன், ரமணிசந்திரன் நாவல் எடுக்க வர்ற அக்காமாரைக் கேலி பண்ணாதீங்க. வீட்டு வேலை எல்லாம் முடிச்சுட்டு வாரம் தவறாம நூலகத்துக்கு வந்து புத்தகம் எடுக்குறது பல ஊர்ல அவங்க தான், அவங்க எழுதுற அட்டைக்கும் அதே ரேக்ல அதே மரியாதையான இடம் வேணும். அவங்க எடுக்குற புத்தகத்துக்குப் பக்கத்துல ராஜம் கிருஷ்ணனோட 'கரிப்பு மணிகள்' இருந்தா அதையும் புரட்டிப் பாப்பாங்க. தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்குறவங்களைப் பத்தி, அந்த மண்ணுக்கே வந்து அவங்களோட பழகிட்டு எழுதின நாவல் அது, தூத்துக்குடி மாவட்டத்துல எந்த நூலகத்துக்குப் போனாலும் கையில கிடைக்கணும். அதே மாதிரி கொங்குப் பக்கம் ஆர்.சண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்', நாகர்கோவில் பக்கம் நாஞ்சில் நாடனோட 'தலைகீழ் விகிதங்கள்'னு அந்தந்த மண்ணோட புத்தகத்துக்கு முதல் இடம் குடுக்கலாம், தன் ஊர் பேர் புத்தகத்துல வந்தா படிக்காதவங்களும் ஒரு பக்கமாவது படிப்பாங்க.

யார் எழுதுறதுன்னு ஒரு கேள்வி வரும். நல்லா படிக்கிற, துறுதுறுன்னு பேசுற பிள்ளைங்ககிட்டயே எல்லாரும் கேப்பாங்க, அது வேண்டாம். கி.ரா. மாதிரியே எங்க பக்கத்து இடைசெவல் ஊர்க்காரர் தான் எழுத்தாளர் கு.அழகிரிசாமியும், அவரோட 'அன்பளிப்பு' கதையை நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. தெருப் பிள்ளைங்க எல்லார் மேலயும் பிரியமா இருந்து புத்தகம் கொண்டுவந்து குடுக்குற மனுஷன் தான் அவரு, ஆனா அவரே கூட சாரங்கன்ங்கிற பையனைக் கவனிக்காம விட்டுடறாரு, கடைசியில அந்தப் பையன் தானே ஒரு டைரியை நீட்டி அன்பளிப்புன்னு எழுதித் தரச் சொல்றான். நம்ம நூலகத்துலயும் ஓரமா ஒரு சாரங்கன் உக்காந்திருப்பான், அவன்கிட்ட போய் "நீ படிச்சதுல எது பிடிச்சது, ஒரு அட்டை எழுதித் தர்றியா"ன்னு கேளுங்க. அட்டையில பேர், பள்ளிக்கூடம், போன் நம்பர் எதுவும் வேண்டாம், வயசோ வகுப்போ மட்டும் போதும்.

இதுக்கெல்லாம் ஆள் எங்கன்னு நூலகர்கள் கேக்குறது நியாயம். பல இடத்துல ஒரே ஆள் தான் கதவைத் திறக்கணும், பெருக்கணும், பேப்பர் அடுக்கணும், பதிவேடு எழுதணும். அதனால தான் வாசகர் வட்டத்தையும் சேத்தே இந்த மடல்ல கூப்பிடுறேன். ரேக்கைப் பாத்துக்கிற வேலையை வட்டம் எடுத்துக்கட்டும், வாரத்துக்கு ஒருத்தர் முறை வச்சு அட்டையை அடுக்கட்டும், புத்தகம் இரவல் போனா அட்டையை எடுத்து ஒரு டப்பாவுல போட்டு வச்சு திரும்பி வந்ததும் சொருகட்டும். ஒரு புத்தகத்துக்கு அஞ்சாறு அட்டை சேந்துடுச்சுன்னா அதை இன்னும் ரெண்டு பிரதி வாங்கச் சொல்லி நூலகர் மேலிடத்துக்கு எழுதி அனுப்பலாம், வாங்குறவங்களுக்கும் ஊர்ல எது ஓடுதுன்னு தெரியும். ஏதாவது புத்தகத்தைப் பத்தி ஒருத்தர் வந்து "இதை ரேக்ல இருந்து எடுங்க"ன்னு சண்டை போட்டா உடனே எடுத்து உள்ள வச்சிடாதீங்க, வட்டத்துக் கூட்டத்துல வச்சுப் பேசுங்க, தட்டு மாத்தணும்னா மாத்துங்க.

சுதந்திர இந்தியாவுல முதல் பொது நூலகச் சட்டம் 1948ல இங்க தான் வந்துச்சு. சொத்து வரியோட சேத்து ரூபாய்க்கு 10 காசு நூலக வரி இன்னைக்கும் நாங்க கட்டுறோம். ரங்கநாதன் அந்த விதிகளை எழுதின அதே 1931ல மன்னார்குடியில மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போயிருக்காங்க, ரோடு சரியில்லாத காலத்துல. ஒரு ரேக்கும் கொஞ்சம் அட்டையும் நம்மால முடியாதா?

நவம்பர் 14ல இருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம் வருது. வழக்கமா பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி வச்சு சான்றிதழ் குடுப்பீங்க, அதுவும் நடக்கட்டும். கூடவே இந்த வருஷம் அந்த வாரத்துல ரேக்கைத் திறந்துடுங்க. உங்க ஊர்ல யார் கேட்டாலும் காட்ட வசதியா இந்த மடலைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிக்கலாம். எங்க ஊர் நூலகத்துக்கு அட்டை வெட்டிக் குடுக்குற வேலையை நான் ஏத்துக்கறேன், முதல் வாரம் 'பிஞ்சுகள்', 'வெக்கை', 'கரிப்பு மணிகள்' மூணுக்கும் என் அட்டை தயாரா இருக்கு. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாள் வரச் சொன்னாலும் வர்றேன், நாளை மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து ஒரு வாசகி