மூன்றாவது நாளே போய்ப் பார், கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. டீச்சர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த கலந்தாய்வில் ஏற்காட்டுப் பக்கம் மாறுதல் கிடைக்குமா என்று கேட்கிறாய். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். இந்த வருஷம் சேலம் டவுன் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே.

மலைப் பள்ளியில் நானும் ஆறு வருஷம் இருந்திருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், அதற்கு மேலும் நடக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. காப்பிப் பழம் பறிக்கிற மார்கழி, தை மாதங்களில் பாதி வகுப்பு காலியாகிவிடும். ஆனால் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டால் போதும். எந்த எஸ்டேட், யார்கூடப் போனாள், எப்போது திரும்புவாள், எல்லாம் சொல்லிவிடுவான்.

சேலம் டவுனில் குகை என்கிற பகுதிக்கு மாறி வந்த முதல் வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் திடீரென்று வரவில்லை. நாற்பது பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வாடகை கட்ட முடியாமல் தாதகாப்பட்டிக்கு வீடு மாறியிருந்தார்கள். நடந்தே போகிற தூரம்தான். அங்கே வேறு பள்ளியிலும் சேர்க்கவில்லை. டி.சி. வாங்க வந்தால் அவள் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். டி.சி. கையில் இல்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த அம்மாவிடம் அதைப் போய்ச் சொல்ல வேண்டியவள் நான். போனேன், இருபத்திரண்டாவது நாள். அதற்குள் அந்தப் பெண் தறிக்கு நூல் சுற்றப் பழகிவிட்டாள். திரும்பக் கொண்டுவர அந்த வருஷம் முழுக்க ஆனது. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராக மூன்று நாள் வரிசையாக 'வ' இல்லையா, அன்று சாயங்காலமே கிளம்பிவிடு. உனக்கு நான் சொல்ல நினைப்பதில் முக்கால்வாசி இதுதான்.

46 பேரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டாய். ஆறிலிருந்து எட்டு வரைக்கும் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று அதே சட்டம் சொல்கிறது. அதற்காக நீ மேலே எழுதிக் கேட்கத்தான் வேண்டும், தயங்காதே. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்.

பிள்ளைகள் கத்துகிறார்கள் என்றாய். விசைத்தறி ஓடுகிற வீட்டில் சாதாரணமாகப் பேசினால் யாருக்கும் கேட்காது கண்ணு. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதே.

தூங்குகிற பையன்களைப் பற்றி. நானும் ஒருவனை வெளியே நிறுத்தினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவன் விடிவதற்கு முன்பே பாட்டியோடு பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறவன். இன்னொன்றும் கவனி. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். உன் ஆறாம் வகுப்புப் பிள்ளை போன வருஷம் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன். இந்த வருஷம் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறான். மூன்றாவது பீரியடில் அவன் முகத்தைப் பார். நான் மேஜையில் ஒரு டப்பா பொட்டுக்கடலை வைத்திருப்பேன்.

வீட்டில் வெள்ளிக் கொலுசு செய்கிற வேலையும் அப்படித்தான். விரலில் சூடுபட்ட தழும்போடு வருகிற பிள்ளையைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. நெருப்புப் பக்கம் விடாதீர்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வேண்டாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்து பேசினால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, உன் வகுப்பில் படிக்கத் தெரியாத அந்தப் பதினொரு பேர். நீ அழுததே அவர்களுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

என்னிடமும் ஏழாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், வகுப்பில் மௌனம். பாடப் புத்தகத்தை நீட்டினால் தலை குனிந்துவிடும். ஆடி ஒண்ணாம் தேதி நம் ஊர் வழக்கப்படி தேங்காய் சுட்ட மறுநாள், எப்படிச் சுட்டீர்கள் என்று சும்மா கேட்டேன். எழுந்து நின்றான். நாரை உரித்து, தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணில் ஓட்டை போட வேண்டுமாம். "மூணு கண்ணுல ஒண்ணுதான் டீச்சர் மெதுவா இருக்கும், அதைக் கண்டுபிடிக்கணும்." தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் எல்லாம் போட்டு, அழிஞ்சில் குச்சியைச் செருகி, தீயில் காட்டி, ஓடு வெடிக்கிற சத்தம் வரைக்கும் சொன்னான். அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினொரு வரி. அப்புறம் அவனையே படிக்கச் சொன்னேன். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைதானே, விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்துவிட்டான். வகுப்பு அன்றைக்கு அமைதியாக இருந்தது.

அதிலிருந்து தினமும் ஒருவர் சொல்ல நான் எழுதினேன். ஆடித் திருவிழாவில் சாமி வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் போகிற வண்டி வேடிக்கையில் முருகன் வேஷம் போட்டவன் மாவு பூசிய கதையைச் சொன்னான். உன் வகுப்பிலும் அப்படி வேஷம் கட்டிய பையன் இருப்பான், கேட்டுப் பார். வண்டி வேடிக்கைக்கு மறுநாள் பாதிப் பேர் வரவில்லை என்று குறைப்பட்டாயே, வந்த பாதிப் பேரிடம் கேட்டிருக்கலாம்.

தை மாதம் அந்தப் பையனின் பாட்டி பள்ளிக்கு வந்தார். ஏதோ புகார் என்று நினைத்தேன். "ரேசன் கடை போர்டை அவனே படிக்கிறான் டீச்சர். இன்னிக்கு சக்கரை இல்லன்னு சொல்லி என்னை வரிசையில நிக்காமக் கூட்டியாந்துட்டான்" என்றார். இதைச் சொல்ல மட்டும் வெயிலில் நடந்து வந்திருந்தார். எத்தனையோ ஆசிரியர் தின மாலைகள் போட்டிருக்கிறார்கள், எதுவும் என் நினைவில் இல்லை.

மாறுதல் விண்ணப்பத்தை மே மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சனிக்கிழமை மத்தியானம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வா. இரண்டு வாரமாக வராத அந்த இரண்டு பெண்களின் முகவரியைப் பதிவேட்டிலிருந்து எழுதிக்கொண்டு வா, நானும் கூட வருகிறேன். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள், சந்து சந்தாகத் தேட வேண்டியிருக்கும். முடித்துவிட்டு தட்டுவடை செட் சாப்பிடலாம்.

அன்புடன்,
உன் தமிழ் டீச்சர்